பார்ப்பதற்காகப் போகும் பயணம்

பயணம் என்றதும் எம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது மூட்டை முடிச்சுகள்தான். கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு, பிள்ளைகளை எண்ணி எண்ணிப் பார்த்துக்கொண்டு, எங்கே போகிறோம் என்று தெரியாமல் நடந்த பாதைகள் அவை. அதற்குப் பின்னரும் பயணம் ஒரு தேவையாகவே எம்மோடு இருந்து வருகிறது. கச்சேரிக்குப் போகிறோம். ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். ஒரு கடிதத்தில் ஒப்பம் வாங்குவதற்காக மூன்று பஸ் மாறிப் போகிறோம். மலையையும் ஆற்றையும் பார்ப்பதற்கென்றே காலையில் வெளிக்கிட்டு மாலையில் வீடு திரும்பும் பயணம் எமது கணக்கில் வருவதில்லை. அது வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம்.

இக்கட்டுரை அப்படியான ஒரு நாள் பயணத்தைப் பற்றியது. இடம் அமெரிக்கா. வாகனம் மோட்டார் சைக்கிள். காலம் கோடை. இது எங்களுக்கு எதற்கு என்று கேட்கும் தோழியர் சற்றுப் பொறுமையாக வாசிக்கவும். அந்த வீதியும் ஒரு காலத்தில் பசியையும் போரையும் இடப்பெயர்வையும் கண்ட வீதிதான். இன்று பெண்கள் அதில் ஹெல்மெட் அணிந்து தாமாகவே ஓட்டிச் செல்கிறார்கள் என்றால், அதற்குப் பின்னால் வேறு பெண்களின் நீண்ட கதையொன்று இருக்கிறது.

செம்பாறை நிலம்

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் யூட்டா என்றொரு மாநிலம் உண்டு. அதன் தென்பகுதியில் பெரும்பாலும் செம்பாறைதான். ஆறுகளும் மழையும் உறைபனியும் பல இலட்சம் ஆண்டுகளாக அறுத்து, அந்த நிலத்தை ஆழ்பள்ளத்தாக்குகளாக ஆக்கிவிட்டன. அங்குள்ளவர்கள் இவற்றைக் 'கனியன்' என்று அழைக்கிறார்கள். பாறையில் கலந்திருக்கும் இரும்பு, காற்றும் நீரும் பட்டுத் துருவேறியதால்தான் அந்தச் சிவப்பு உண்டானது. எமது வீட்டுக் கதவின் பழைய பிணைச்சலில் பிடிக்கும் அதே துரு, அங்கே மலைகளுக்கே நிறம் கொடுத்திருக்கிறது.

இந்தப் பள்ளத்தாக்குகளுக்கு ஊடாகச் செல்வது 12ஆம் இலக்க வீதி. நீளம் ஏறத்தாழ 200 கிலோமீற்றர். இதன் மேற்கு முனைக்கு அண்மையில் பங்விச் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து காலையில் புறப்பட்டு, போல்டர் என்ற கிராமம் வரை போய் மாலையில் திரும்பினால் போக வர ஏறத்தாழ 300 கிலோமீற்றர் வரும். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரையான எமது ஏ-9 வீதியின் நீளம் 321 கிலோமீற்றர் என்பதை நினைத்துக்கொண்டால் தூரம் விளங்கும். ஆறுதலாக நின்று பார்த்துப் போவதற்கு ஒரு கோடை நாள் போதுமானது.

போர்வைகள் காப்பாற்றிய ஊர்

புறப்படும் ஊரைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். பங்விச்சில் 1864இல் மோர்மன் மதத்தைச் சேர்ந்த குடியேறிகள் வந்து குடியிருந்தார்கள். முதற்குளிர்காலத்திலேயே பயிர் பனியில் கருகியது. மாவு தீர்ந்தது. ஏழு ஆண்கள் மலைக்கு அப்பால் 60 கிலோமீற்றருக்கும் கூடிய தூரத்தில் இருந்த பரோவன் என்ற ஊருக்கு மாவு தேடிப் புறப்பட்டார்கள். வழியில் பனி ஆளை விழுங்கும் ஆழத்தில் கிடந்தது. வண்டியைக் கைவிட்டார்கள். கால் வைத்த இடமெல்லாம் புதைந்தது. அப்போது, வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒட்டுத்துணிப் போர்வையை விரித்து அதன்மேல் முழந்தாளிட்டுச் செபித்தபோது தாம் புதையவில்லை என்பதைக் கவனித்தார்களாம். ஒரு போர்வையை விரித்து, அதன்மேல் நடந்து, அடுத்ததை விரித்து, பின்னாலுள்ளதை எடுத்து முன்னால் போட்டு, இப்படியே மலையைக் கடந்து மாவோடு திரும்பினார்கள் என்பது அந்த ஊர் பேணிவரும் கதை. துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த பெண்களின் கைவேலை ஒரு ஊரைப் பட்டினியிலிருந்து காத்தது. அதன் நினைவாக அங்கே ஆண்டுதோறும் யூன் மாதத்தில் போர்வை விழா எடுக்கிறார்கள்.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. குடியேறிகளுக்கும் அந்த மண்ணின் பூர்வீகக் குடிகளுக்கும் இடையே போர் மூண்டது. 1866இல் பங்விச் மக்கள் ஊரையே விட்டு வெளியேறினார்கள். 1871இல்தான் மீளக் குடியேற்றம் நடந்தது. அதே 1866 ஏப்ரலில், பங்விச்சுக்கு வடக்கே உள்ள சேர்க்கிள்வில் என்ற ஊரில், பிடித்து வைக்கப்பட்டிருந்த பையூட் இன மக்களைக் குடியேறிகள் கொன்றார்கள். கொல்லப்பட்டவர்களில் பெண்களும் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களுக்கென்று அங்கே ஒரு நினைவுக்கல் எழும்ப 150 ஆண்டுகள் ஆயின. 2016இல்தான் அது நிறுவப்பட்டது. யூட்டாவின் பையூட் மக்களை ஒரு இனக்குழுவாக அங்கீகரிப்பதை அமெரிக்க அரசு 1954இல் நிறுத்தி, 1980இல் மீண்டும் அங்கீகரித்தது. அழகான நிலமென்று நாம் பார்க்கும் இடங்களுக்கும் இப்படி ஒரு அடிநிலம் உண்டு. அதை அறிந்துகொண்டு பார்ப்பதே முழுமையாகப் பார்ப்பது.

புறப்படுவதற்கு முன்

கோடையில் அங்கே பள்ளத்தாக்கின் அடியில் வெப்பம் 38 பாகை செல்சியசைத் தாண்டும் நாட்களும் உண்டு. ஆகவே அனுபவமுள்ளவர்கள் விடியற்காலையிலேயே வெளிக்கிடுவார்கள். அதற்கு முன்னர் சில வேலைகள் இருக்கின்றன. இவை ஸ்கூட்டியில் சந்தைக்குப் போகும் எமக்கும் பொருந்தும்.

ரயரின் காற்றை அது சூடேறுவதற்கு முன்னர் பார்க்கவேண்டும். ஓடிய பின்னர் பார்த்தால் சூட்டினால் காற்று விரிந்து அளவு கூட்டிக் காட்டும். இரண்டு பிறேக்கும் பிடிக்கிறதா, முன் விளக்கும் பின் விளக்கும் எரிகின்றனவா, செயின் தளர்ந்திருக்கிறதா, எண்ணெய் மட்டம் சரியா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். பெற்றோல் தாங்கியை நிரப்பிக்கொள்ளவேண்டும். அந்த வீதியில் ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையே நீண்ட தூரத்துக்கு எதுவுமே இராது.

தண்ணீர் முக்கியமானது. இந்தப் பாலை நிலங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு லீற்றர் தண்ணீர் வேண்டும் என்று அங்குள்ள பூங்கா நிர்வாகம் சொல்கிறது. ஓடும்போது காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால் உடல் நீரிழப்பது தெரியாது. தலையிடி, தலைச்சுற்று வந்த பிறகு குடிப்பது பிந்திய வேலை. தாகம் எடுக்குமுன்னே குடிக்கவேண்டும். கூடவே உப்பான ஏதாவது சாப்பிடவேண்டும்.

வெக்கையாக இருக்கிறதென்று ஜக்கெற்றைக் கழற்றுவது புதியவர்கள் செய்யும் தவறு. காற்று உடலை விடச் சூடாக இருக்கும்போது, திறந்த தோல் மேலும் வேகமாகக் காயும். நீண்ட கையுள்ள உடை அணிந்து, கழுத்தில் ஒரு நனைத்த துணியைச் சுற்றிக்கொண்டால் அது உலர உலரக் குளிர்ச்சி தரும். மண்பானைத் தண்ணீர் குளிரும் அதே காரணம்தான். யூட்டாவில் 21 வயதுக்கு மேற்பட்டோருக்கு ஹெல்மெட் சட்டப்படி கட்டாயமில்லை. ஆனாலும் அறிந்தவர்கள் அதில்லாமல் ஏறுவதில்லை. விழும்போது வீதி எவருடைய வயதையும் கேட்பதில்லை.

வீதி திறக்கிறது

12ஆம் இலக்க வீதியில் ஏறிச் சிறிது தூரத்திலேயே செங்கனியன் வந்துவிடும். பாறையைக் குடைந்து அமைத்த இரண்டு குறுகிய வாயில்களின் ஊடாக வீதி போகிறது. காலை வெயில் படும்போது இரு பக்கமும் செங்கல் சூளை திறந்தது போல இருக்கும்.

அடுத்து வருவது பிறைஸ் கனியன். 1928இல் தேசியப் பூங்காவான இடம். பெயரில் கனியன் என்று இருந்தாலும் இதை ஒரு ஆறு வெட்டவில்லை. ஆண்டில் ஏறத்தாழப் பாதி நாட்களில் இங்கே இரவில் நீர் உறைந்து பகலில் உருகுகிறது. பாறை வெடிப்புக்குள் புகுந்த நீர் உறையும்போது பருத்து, பாறையைப் பிளக்கிறது. இப்படிப் பிளந்து பிளந்து மிஞ்சியவை ஆயிரக்கணக்கான தூண்கள். தூரத்தில் நின்று பார்த்தால் ஒரு பெருங்கூட்டம் பேசாமல் நிற்பது போலத் தோன்றும். இப்பூங்காவின் விளிம்பு கடல் மட்டத்திலிருந்து 2,400 முதல் 2,700 மீற்றருக்கு மேல் வரை உயர்ந்திருக்கிறது. எமது பிதுருதலாகலை மலை 2,524 மீற்றர். ஆகவே கோடையிலும் காலையில் இங்கே குளிரும். காலையில் குளிர், மதியத்தில் நெருப்பு என்று ஒரே நாளில் இரண்டு காலநிலைகளை உடல் தாங்கவேண்டும்.

பிறைசிலிருந்து வீதி இறங்கி, சில சிறு கிராமங்களைக் கடந்து எஸ்கலான்ரி என்ற ஊருக்கு வருகிறது. இதன் பெயரைக் கொண்ட ஆறு, அமெரிக்காவின் பெருநிலப்பரப்பில் கடைசியாக வரைபடத்தில் சேர்க்கப்பட்ட ஆறு. 1872 வரை வரைபடம் வரைபவர்களுக்கு அப்படியொரு ஆறு இருப்பதே தெரியாது. பூர்வீகக் குடிகளுக்கோ அது எக்காலமும் தெரிந்திருந்தது.

இங்கு பெற்றோல் நிரப்பி, தண்ணீர் குடித்து, கால் நீட்டி இருந்துவிட்டுத்தான் மேலே போகவேண்டும். ஏனென்றால் அடுத்த 40 கிலோமீற்றர் இந்த வீதியின் நெஞ்சுப்பகுதி. எங்கும் வெறும் பாறை. வெளிறிய பாறை அலை அலையாக உறைந்து கிடக்கும். இது ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் காற்று குவித்த மணற்குன்றுகள் இறுகிக் கல்லானது. மணற்காட்டின் மணல் மேடுகள் அப்படியே கல்லாகிவிட்டால் எப்படியிருக்கும் என்று வடமராட்சிப் பெண்கள் எண்ணிப் பார்க்கலாம்.

பிறகு வீதி ஒரு பாறை முதுகின்மேல் ஏறுகிறது. 'பன்றி முதுகு' என்பது அவ்விடத்தின் பெயர். இரண்டு பக்கமும் நிலம் செங்குத்தாக விழுகிறது. இடையில் வீதி மட்டும் இருக்கிறது. இங்கே ஓட்டுபவருக்குத் தெரிந்திருக்கவேண்டிய பாடம் ஒன்றுதான். வளைவுக்குள் போகுமுன் வேகத்தைக் குறை. வளைவுக்குள் பிறேக்கை அழுத்தாதே. பள்ளத்தைப் பார்க்காதே, போகவேண்டிய இடத்தைப் பார். கண் எங்கே போகிறதோ சில்லும் அங்கே போகும். பயம் வரும்போது பயப்படும் பொருளையே உற்றுப் பார்ப்பது மனித இயல்பு. அந்த இயல்பைப் பழகிப் பழகி மாற்றுவதுதான் ஓட்டக் கற்றுக்கொள்வது.

கோவேறு கழுதை கொண்டுவந்த கடிதம்

பாறை முதுகைக் கடந்தால் திடீரெனப் பச்சை வயல்கள் தெரியும். அதுதான் போல்டர் கிராமம். இன்று ஒரு காலை நேரத்தில் வந்துவிடும் இவ்வூருக்கு, 1930கள் வரை சரியான வாகன வீதி இருக்கவில்லை. கடிதம், மருந்து, சாமான் எல்லாம் கோவேறு கழுதைகளின் முதுகில்தான் வந்தன. பொருளாதார மந்த காலத்தில் வேலையற்ற இளைஞர்களுக்கென அரசு ஆரம்பித்த வேலைத்திட்டத்தின் கீழ், மலைப்பாலமும் வீதியும் வெட்டப்பட்டன. எல்லாப் பருவத்திலும் போகக்கூடிய வீதி 1940இல் கிடைத்தது. 12ஆம் இலக்க வீதி முழுவதும் தார் இடப்பட்டது 1985இல்தான். வீதி இல்லாத ஊரில் பிள்ளைப்பேற்றுக்காரியின் நிலை என்ன என்பதை வன்னியில் வாழ்ந்த எம்மவருக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. ஒரு வீதி என்பது முதலில் உயிர்களுக்கானது. அழகு பிறகு வருவது.

இக்கிராமத்தில் 2000ஆம் ஆண்டில் பிளேக் ஸ்போல்டிங், ஜென் காசில் என்ற இரு பெண்கள் ஒரு சாப்பாட்டுக் கடையை ஆரம்பித்தார்கள். தாமே தோட்டம் செய்து, அந்தக் காய்கறியைச் சமைத்துக் கொடுத்தார்கள். சில நூறு பேர்கூட இல்லாத ஊரில் இது நடக்காது என்று நினைக்கத்தான் தோன்றும். ஆனால் வீதியில் வரும் பயணிகள் அதைத் தேடி வந்தார்கள். பார்ப்பதற்காகப் போகும் ஒருத்தியின் பயணம், வழியில் இன்னொருத்திக்குத் தொழிலாகிறது.

முன்னால் போனவர்கள்

மரநிழலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு இளைப்பாறும் பெண்ணை இன்று அங்கே எவரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. 2018இல் அமெரிக்காவில் எடுக்கப்பட்ட ஒரு கணக்கெடுப்பின்படி மோட்டார் சைக்கிள் சொந்தக்காரர்களில் 100க்கு 19 பேர் பெண்கள். இந்த நிலை தானாக வரவில்லை.

1915இல் எஃபி ஹொட்ச்கிஸ் என்ற இளம்பெண், தன் தாய் ஏவிசைப் பக்கப்பெட்டியில் இருத்திக்கொண்டு நியூயோர்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை நாட்டைக் குறுக்காகக் கடந்தார். வழியில் ரியூப் தீர்ந்துபோனபோது, போர்வையை வெட்டிச் சுருட்டி ரயருக்குள் வைத்து ஓட்டினார். பங்விச்சின் போர்வைக் கதை இங்கே இன்னொரு வடிவில் வருகிறது.

அடுத்த ஆண்டு, 1916இல், ஓகஸ்ரா வான் பியூரன், அடலின் வான் பியூரன் என்ற சகோதரிகள் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில் அதே பயணத்தைச் செய்தார்கள். போர்க்காலத்தில் செய்தி கொண்டுசெல்லும் வேலையைப் பெண்களாலும் செய்யமுடியும் என்று காட்டுவது அவர்களது நோக்கம். வழியில் சில ஊர்களில் ஆண்களின் உடுப்பு அணிந்ததாகப் பொலிசார் அவர்களைத் தடுத்து வைத்தார்கள். கொலராடோவில் 4,300 மீற்றர் உயரமான பைக்ஸ் சிகரத்தின் உச்சிக்கு ஏறினார்கள். யூட்டாவின் உப்புப் பாலையில் பாதை தவறி, தண்ணீர் தீர்ந்து தவித்தபோது, வழியில் வந்த ஒருவரால் காப்பாற்றப்பட்டார்கள். ஏறத்தாழ இரண்டு மாதத்தில் பயணம் முடிந்தது. பின்னர் அடலின் இராணுவத்துக்கு விண்ணப்பித்தபோது மறுத்துவிட்டார்கள். பத்திரிகைகளோ அவர்களைப் பாராட்டுவதை விட்டு இயந்திரத்தைப் பாராட்டின. சகோதரிகள் சோர்ந்துவிடவில்லை. அடலின் சட்டம் படித்துச் சட்டத்தரணியானார். ஓகஸ்ரா விமானம் ஓட்டினார்.

பெசி ஸ்ரிங்ஃபீல்ட்டின் கதை வேறு. அவர் கறுப்பினப் பெண். 1930களில் இருந்து தனியாகவே மோட்டார் சைக்கிளில் நாடெங்கும் சென்றார். வரைபடத்தின்மேல் ஒரு சதக்காசைச் சுண்டிவிட்டு, அது விழுந்த இடத்துக்குப் புறப்படுவாராம். நிறத்தைக் காரணம் காட்டித் தங்குமிடங்கள் இடம் மறுத்தபோது, பெற்றோல் நிரப்பு நிலையங்களில் தன் மோட்டார் சைக்கிளின் மேலேயே ஜக்கெற்றைத் தலையணையாக்கிப் படுத்து உறங்கினார். இரண்டாம் உலகப்போர் காலத்தில் இராணுவ முகாம்களுக்கிடையே ஆவணங்களைக் கொண்டுசெல்லும் பணியைச் செய்தார். வான் பியூரன் சகோதரிகளுக்கு மறுக்கப்பட்ட வேலையைப் போன்ற ஒன்றை, ஒரு தலைமுறை கழித்து அவர் செய்தார். தாதியாகவும் உழைத்த அவர் 1993இல் காலமானார்.

மாலையும் மழையும்

போல்டரில் இருந்து திரும்பும் நேரத்தில் வானத்தைப் பார்க்கவேண்டும். யூலையிலிருந்து செப்ரெம்பர் வரை அங்கே பிற்பகலில் இடியோடு மழை பெய்யும். பாறை நிலம் நீரை உறிஞ்சாது. பெய்தது முழுவதும் பள்ளத்தாக்குகளுக்குள் பாயும். நாம் நிற்கும் இடத்தில் வெயில் எறித்துக்கொண்டிருக்க, எங்கோ தூரத்தில் பெய்த மழை சேற்று மதிலாக வந்து சேரும். 2015 செப்ரெம்பர் 14ஆம் திகதி, யூட்டாவின் தென்பகுதியில் ஒரே நாளில், சயன் தேசியப் பூங்காவின் ஒடுங்கிய பள்ளத்தாக்கு ஒன்றுக்குள் இறங்கிய ஏழு பேரும், ஹில்டேல் என்ற ஊரில் இரு வாகனங்களில் இருந்த பெண்களும் பிள்ளைகளுமாகப் பதின்மூன்று பேரும் வெள்ளத்தில் மாண்டார்கள். வீதிக்குக் குறுக்கே வெள்ளம் ஓடினால் கடக்கவே கூடாது. மேட்டில் நின்று அது வடியும் வரை காத்திருக்கவேண்டும். இந்தப் பாடம் எமது மாரிகால வாய்க்கால்களுக்கும் பாலங்களுக்கும் பொருந்தும்.

வெயில் சாயும்போது பாறைகள் காலையில் காட்டாத நிறங்களைக் காட்டும். நின்று பார்த்துவிட்டு, இருட்டுமுன் ஊர் சேர்வதே புத்தி. அந்தி நேரத்தில் மான்களும் மாடுகளும் வீதிக்கு வரும். பங்விச்சுக்கு வந்து இயந்திரத்தை நிறுத்தினால், கையில் இன்னும் அதன் அதிர்வு இருக்கும். காது ஓய்ந்து, உடல் அலுத்து, மனம் மட்டும் விழித்திருக்கும்.

இப்படிப் போய் வந்த பெண் வீட்டுக்கு என்ன கொண்டுவருகிறாள்? வாங்கிவந்த சாமான் எதுவும் இல்லை. தன் வாகனத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் பழக்கம், ஒரு வளைவை அஞ்சாமல் எடுக்கும் கை, வானத்தைப் படிக்கும் கண், ஒரு நாள் முழுவதும் தன் தீர்மானத்தில் நடந்தேன் என்ற எண்ணம் ஆகியவைதான் அவளிடம் இருக்கின்றன. இழப்பைச் சுமக்கும் பெண்ணுக்குச் சந்தோசம் கூடாது என்று எமது சமூகம் வாய்விட்டுச் சொல்லாமலே சொல்கிறது. நாமும் அதை நம்பிவிட்டோம். துயரத்தை மறப்பதற்காக எவரும் பயணம் போகத் தேவையில்லை. துயரத்தையும் கூட்டிக்கொண்டு போகலாம். அதற்கும் காற்றுப்படவேண்டும்.

யூட்டா எமக்குத் தூரம். ஆனால் ஊர்க் குளத்துக் கட்டு தூரமில்லை. கடற்கரை தூரமில்லை. சைக்கிளோ, ஸ்கூட்டியோ, பஸ்ஸோ, அயலவளின் பின் இருக்கையோ எதுவானாலும் சரி. ரயரில் காற்றைப் பார்த்து, ஒரு போத்தல் தண்ணீர் எடுத்துக்கொண்டு, பிள்ளைகளையோ சிநேகிதியையோ அழைத்துக்கொண்டு, அலுவல் எதுவுமில்லாத ஒரு நாளில் வெளிக்கிட்டுப் பாருங்கள். எங்கே போகிறாய் என்று எவராவது கேட்டால், பார்த்துவிட்டு வரப்போகிறேன் என்று சொல்லுங்கள். அந்தப் பதில் போதுமானது.